தோளில் சுமந்த செல்வம்

ஜெர்மனியின் தென்மேற்கே, ஹைல்பிரான் நகருக்கு அருகிலுள்ளது வைன்ஸ்பெர்க் என்னும் சிற்றூர். திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த அதன் குன்றின்மீது ஒரு கோட்டை இடிந்து கிடக்கிறது. வைபர்ட்ராய் என்பது அதன் பெயர். பெண்களின் விசுவாசம் என்பது பொருள்.

1140ஆம் ஆண்டு, வெல்ஃப் குலத்தார் வசமிருந்த இக்கோட்டையை மன்னர் மூன்றாம் கொன்ராட் முற்றுகையிட்டார். 1148இல் சிலுவைப் படையோடு டமாஸ்கஸை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியவரும் இவரே. கோட்டை பணிந்தது. பெண்கள் மட்டும் தத்தம் தோளில் சுமக்க இயன்றதை எடுத்துக்கொண்டு வெளியேறலாம் என மன்னர் வாக்களித்தார். பொன்னையும் பொருளையும் விடுத்து, அப்பெண்கள் தம் கணவன்மாரையே சுமந்துகொண்டு இறங்கி வந்தனராம்! 'கொலோன் அரச வரலாறு' என்னும் பழைய நூல் இவ்வாறு கூறுகிறது. மன்னரின் தமையனார் பிரெடரிக் கோமகன் இதனைத் தடுக்க முயன்றார். அரசன் உரைத்த சொல் மாறலாகாது என்று மன்னர் மறுத்துவிட்டார்.

இது நடந்ததுதானா என ஐயுறும் அறிஞர்களும் உளர். 1525இல் குடியானவர் கிளர்ச்சியின்போது கோட்டை தீக்கிரையாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் மருத்துவரும் கவிஞருமான யுஸ்டினுஸ் கெர்னர், பெண்கள் சங்கமொன்றை நிறுவி எஞ்சிய சுவர்களைக் காத்தார்.

மனைவியரின் அன்பை அனைவரும் போற்றுவர். ஆயின், தம் சொல்லே தமக்கு எதிராகத் திரும்பியபோதும் அதனைக் காத்த மன்னரின் செயலும் எண்ணத்தக்கது. நம் இல்லங்களில் அளிக்கும் சிறு வாக்குகளையேனும் நாம் அவ்வாறு காக்கின்றோமா?