பள்ளிக்கூடம் கட்டிய நம்பிக்கைகள்

மதம் பொருளாதாரத்தை மாற்றுமா என்ற பேச்சு வந்தாலே சமூகவியலாளர் மாக்ஸ் வெபரின் பெயரும் கூடவே வந்துவிடும். 1904, 1905-ல் வெளிவந்த தன் ஆய்வில் அவர், சிக்கனத்தையும் உழைப்பையும் கடமையாகப் போதித்த புராட்டஸ்டண்ட் நெறி முதலாளியத்தின் மனப்பாங்குக்கு வழிவிட்டது என்றார். இந்து மதத்தைப் பற்றிப் பின்னர் எழுதியபோது, அதற்கு அந்த வலு இல்லை என்ற முடிவுக்கு வந்தார். நூறாண்டு கழித்து, 2009-ல் பெக்கர், வோஸ்மான் என்ற இரு பொருளியலாளர்கள் பழைய பிரஷ்யாவின் மாவட்டக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். புராட்டஸ்டண்ட் பகுதிகள் செழிப்பாக இருந்தது உண்மைதான். ஆனால் அந்த வேறுபாட்டின் பெரும்பகுதியை எழுத்தறிவே விளக்கிவிட்டது. ஒவ்வொருவரும் வேதத்தைத் தாமே படிக்க வேண்டும் என்று புராட்டஸ்டண்ட் இயக்கத்தைத் தொடங்கிய லூதர் விரும்பினார், அதற்குப் பள்ளிகள் கேட்டார். படிக்கக் கற்ற கை வேதத்தோடு நிற்காமல் கணக்குப் புத்தகத்தையும் எடுத்தது. ஒரு நம்பிக்கை என்ன போதிக்கிறது என்பதைவிட, தன்னை நம்புகிறவர்களை அது என்ன செய்ய வைக்கிறது என்பதே அவர்கள் வாழ்வை மாற்றுகிறது என்று நான் கருதுவது இதனால்தான். இதைச் சோதித்துப் பார்க்க ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. நம் தென்கோடியே போதும்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்றைய கன்னியாகுமரி மாவட்டமான தெற்குத் திருவிதாங்கூரில் நாடார்கள் முதலான பல சாதியினர் மேலாடை அணியக் கூடாது, கூலியின்றி ஊழிய வேலை செய்ய வேண்டும் என்ற நிலை. லண்டன் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு வந்தபின் மதம் மாறியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. வாரத்தில் ஒரு நாள் தன் நாளாக ஆவது, அதுவரை எந்த நாளும் தனக்கென இல்லாதவருக்கு எவ்வளவு பெரிது என்பதை எண்ணிப் பாருங்கள். நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி, ரேந்தை எனப்படும் லேஸ் பின்னலைச் சிறுமிகளுக்குக் கற்பித்தார். அவர்களில் அடிமைகளாக இருந்த சிலர், பின்னி ஈட்டிய காசைக் கொடுத்தே தங்களை மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான்.

இதெல்லாம் ஆங்கிலேய அதிகாரத்தின் பலத்தில் நடந்தது, மத நம்பிக்கைக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. மிஷனுக்குத் திருவிதாங்கூரில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடெண்டாக, இருந்த கர்னல் மன்றோவின் ஆதரவு இருந்தது. 1859-ல் மேலாடை அணிய அனுமதி வந்ததற்கும் சென்னை ஆளுநரின் நெருக்குதல் ஒரு காரணம். ஆனால் அதே மண்ணில், அதே காலத்தில் எழுந்த அய்யா வைகுண்டரின் பின்னால் எந்த ரெசிடெண்டும் இல்லை. திருவிதாங்கூர் அரசு அவரைச் சிறையில்தான் அடைத்தது. தலைப்பாகை கட்டும் உரிமை இல்லாதவர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபட வரச் சொன்னார் அவர். அவருடைய ஊரான சாமித்தோப்பின் முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியினரும் ஒன்றாக நீர் இறைத்துக் குளித்தார்கள், ஒன்றாகச் சமைத்து உண்டார்கள். பதி எனப்படும் வழிபாட்டிடத்தின் கருவறையில் சிலை கிடையாது, கண்ணாடியும் விளக்கும்தான். தலைப்பாகையோடு அதன் முன் நிற்பவருக்குத் தன் உருவமே தெரியும். நிழல் தாங்கல்கள் எனப்படும் சிறு வழிபாட்டிடங்களில் எழுத்தும் கற்பிக்கப்பட்டது. மிஷனும் வைகுண்டர் காட்டிய அய்யாவழியும் கொள்கையில் எதிரெதிர். ஆனால் அன்றாடத்தில் செய்ய வைத்தவை பெருமளவு ஒன்றுபோல இருந்தன. 1817-லேயே கல்விச் செலவை ஏற்பதாக அறிவித்த திருவிதாங்கூர் அரசின் பங்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குக் கிடைத்ததை, எந்த ஒரு மதத்தின் கணக்கிலும் தனியாக எழுத முடியாது.

மறுபக்கமும் உண்டு. கடவுள் முன் அனைவரும் சமம் என்ற போதனை மட்டும் எதையும் செய்துவிடாது என்பதற்கு நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் சாட்சி. அங்கே 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய கத்தோலிக்க ஆலயம், பீடத்திலிருந்து கால்சட்டையைப் போல இரண்டாகப் பிரிந்தது; வேளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம், நடுவே சுவர். 1910-ல்தான் அந்தச் சுவர் இடிந்தது. பூசை ஒன்றே, வேதம் ஒன்றே, உட்காரும் இடம் மட்டும் வேறு. அந்த ஒரு வேறுபாடே போதனை முழுவதையும் அடித்துப் போட்டது.

விருதுநகரில் மதமாற்றமும் இல்லை, புதிய மார்க்கமும் இல்லை. நாடார்களின் ஊர்ச் சங்கமான உறவின்முறையினர் சரக்குகளின் மேல் மகமை என்ற பொதுவரி வசூலித்தார்கள், அதில் அம்மன் திருவிழாவும் நடந்தது, பள்ளிக்கூடமும் நடந்தது. வீட்டுக்கு வீடு அளந்த பிடி அரிசியில் நடந்த சத்திரிய வித்தியாசாலையில்தான் காமராஜர் படித்தார். இது வெறும் வணிகச் சாதியின் சாமர்த்தியம், இதில் பக்தி எங்கே என்பார்கள். வணிகம் அடிப்படை என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் சாமி பெயரில் சேர்ந்த பணம் என்பதால்தான், ஊரில் யார் வேண்டுமானாலும் அதற்குக் கணக்குக் கேட்க முடிந்தது, யாரும் கொடுக்காமல் நழுவ முடியவில்லை என்று நினைக்கிறேன்.

கோயில் பணத்தில் கல்லூரி தொடங்கலாமா என்ற வழக்கு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. காணிக்கை வழிபாட்டுக்கே, அரசின் செலவுக்கு அல்ல என்பவர்களின் அச்சத்தை நான் புறந்தள்ளவில்லை. பக்தர்களைக் கேட்காமல், கணக்குக் காட்டாமல் எடுத்தால் அது தவறுதான். அதனால் கல்வியே வழிபாட்டுக்கு வெளியே உள்ளது என்றாகிவிடாது. சாமித்தோப்பிலும் விருதுநகரிலும் அப்படி யாரும் நினைக்கவில்லை. கோயிலோ, தேவாலயமோ, பள்ளிவாசலோ, ஆண்டு வரவில் எவ்வளவு கல்விக்குப் போனது, அதில் தங்கள் சாதியையும் மதத்தையும் சேராத பிள்ளைகள் எத்தனை பேர் படித்தார்கள் என்ற இரண்டு எண்களை வாசலில் எழுதி வைக்கட்டும்.