காரணம் சொல்லாத வீட்டுக் குறிப்பு

சென்ற ஆண்டு ஷஃபான் மாதத்தின் கடைசி வாரம். நோன்பை வரவேற்க வீடுகளைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்த நாள்கள். எங்கள் வீட்டிலும் அப்பணி நடந்தது. கழிப்பறைத் தரையில் படிந்திருந்த மஞ்சள் கறை எதற்கும் அசையவில்லை. பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன்மேல் கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டைச் சிறிது விட்டால் கறை ஒரே தடவையில் போய்விடும் என்று அடுத்த தெரு ராத்தா சொல்லியிருந்தார். அவ்வாறே செய்தோம். தேய்க்கும்போது நீர் வெளியே தெறிக்காமல் இருக்கக் கதவையும் சாத்தியிருந்தோம்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. உள்ளே குந்தியிருந்து தேய்த்துக்கொண்டிருந்த உம்மாவின் இருமல் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தபோது கண்ணில் நீர் வழிய, மூச்சை இழுக்க முடியாமல் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். கைத்தாங்கலாக வெளியே முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். அங்கிருந்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, "எந்த இரண்டைக் கலந்தீர்கள்?" என்பதுதான். நோன்புக்கு முன் இப்படி வருபவர்களை அவர் முன்பும் பார்த்திருக்கிறார் போலும். அல்ஹம்துலில்லாஹ், சில நாள்களில் உம்மா தேறிவிட்டார். தொண்டை எரிச்சல் மட்டும் முதல் பத்து நோன்பு வரை நீடித்தது.

பிளீச்சிங் பவுடருக்குள் குளோரின் அடைபட்டுக் கிடக்கின்றது. அமிலம் பட்டவுடன் அது வாயுவாக வெளியேறிவிடும். 1915ஆம் ஆண்டு முதல் உலகப் போரில், ஈப்ரு நகருக்கு அருகே எதிரிப் படையின்மீது திறந்துவிடப்பட்டதும் இதே குளோரின்தான். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அது மேலே எழாமல் தரையோடு தங்கும். குந்தியிருந்து தேய்ப்பவரின் மூக்கும் தரைக்கு அருகில்தான் இருக்கின்றது. ஆசிட்டுக்குப் பதிலாக வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ விட்டாலும் நடப்பது இதே வினைதான். வேகமும் அளவும் வேறுபடலாம், அவ்வளவே. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தைப் பிளீச்சுடன் சேர்த்தாலும் வேறொரு நச்சுவாயு உண்டாகும்.

ராத்தா பொய் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறோம். பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும் என்பது உண்மை. ஆசிட் உப்புக்கறையைக் கரைக்கும் என்பதும் உண்மை. அவருக்கு இதைச் சொன்னவர் இரண்டையும் வெவ்வேறு நாளில் பயன்படுத்தியவராக இருக்கலாம். வாய்மாறிவந்த வழியில் இரண்டு நாள் ஒரே நாளாகிவிட்டது. ஒன்று ஏன் வேலை செய்கிறது, எதனுடன் சேரக் கூடாது என்ற பகுதி வழியில் உதிர்ந்துபோக, "இதைச் செய்" என்ற கட்டளை மட்டும் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது.

நாம் சொல்ல வருவது இதுதான். வீட்டுக் குறிப்பு என்பது சிறு விஷயம் என்று நினைத்து அதைக் காரணமின்றிக் கைமாற்றுகிறோம். ஆலோசனை கேட்கப்பட்டவர் அமானிதம் ஒப்படைக்கப்பட்டவர் என்ற நபிமொழியை நிக்காஹ் பேச்சுக்கும் வியாபாரக் கூட்டுக்கும் மட்டுமே உரியதாக ஒதுக்கி வைத்துவிட்டோம். அடுக்களைக்கும் அது பொருந்தும் என்று நமக்குத் தோன்றுவதில்லை.

இரவில் உறங்கும் முன் விளக்கை அணைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்ன வீட்டு அறிவுரையை நாம் அறிவோம். அதனுடன் காரணத்தையும் சொன்னார்கள்: எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரோடு வீட்டை எரித்துவிடக்கூடும். இன்று நம் வீட்டில் திரிவிளக்கு இல்லை. ஆனால் காரணம் நம் கையில் இருப்பதால், கொசுவர்த்திச் சுருளைத் திரைச்சீலைக்கு அருகில் வைக்கக் கூடாது என்று நாமே விளங்கிக்கொள்கிறோம்.

மற்றொரு நிகழ்ச்சி தோட்டத்தைப் பற்றியது. ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மதீனாவில் மக்கள் ஆண் பேரீச்சையின் மகரந்தத்தைப் பெண் மரத்தின் பாளையில் சேர்ப்பதைக் கண்ட நபியவர்கள், அதைச் செய்யாவிட்டால் நலமாக இருக்குமே என்ற கருத்தில் ஒன்றைச் சொன்னார்கள். தோழர்கள் விட்டுவிட்டார்கள். அந்த ஆண்டு காய் சரியாகப் பிடிக்கவில்லை. செய்தி அறிந்தபோது, உங்கள் உலகக் காரியங்களை நீங்களே நன்கு அறிந்தவர்கள் என்று கூறிவிட்டார்கள். பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. தோட்டக்காரர் கையால் மகரந்தம் சேர்ப்பது இன்றுவரை தொடர்கின்ற முறை. தோட்டக் காரியத்தில் மரத்தோடு பழகியவரின் அனுபவத்துக்கு அல்லாஹ்வின் தூதரே வழிவிட்டிருக்க, நாமோ முந்தாநாள் கைபேசியில் கேட்டதை ஆலிம் ஃபத்வா சொல்வதுபோல உறுதியாக அடுத்தவருக்குச் சொல்கிறோம்.

எங்கள் தோட்டத்திலும் இப்படி ஒன்றை இழந்தோம். தென்னை நடும் குழியில் கல்லுப்புப் போடுவது நம் பெரியவர்களின் வழக்கம். அதில் பிழையில்லை; தென்னை கடலோரத்து மரம், உப்பிலுள்ள குளோரைடு அதற்குத் தேவைப்படுகின்ற சத்து. "மரத்துக்கு உப்புப் போட்டால் காய்ப்பு கூடும்" என்று ஒருவர் பொதுவாகச் சொன்னதை நம்பி, காய்க்காமல் நின்ற எலுமிச்சைக்கு இரண்டு கைப்பிடி போட்டுத் தண்ணீர் விட்டோம். எலுமிச்சை உப்பைத் தாங்காத மரம். இலைகள் விளிம்பிலிருந்து கருகி உதிர்ந்தன. வெறும் தண்ணீரைப் பல நாள் பாய்ச்சிப் பார்த்தும் அது பிழைக்கவில்லை. உப்புக் குறிப்பில் 'தென்னை' என்ற ஒரு சொல் தவறிப்போனதற்கு நாங்கள் கொடுத்த விலை ஏழு ஆண்டு மரம்.

தீங்கில்லாத, பயனுமில்லாத குறிப்புகளும் உண்டு. அடைபட்ட தொட்டிக்குழாயில் சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றுவது அத்தகையது. நுரை பொங்குவதைப் பார்க்கும்போது ஏதோ பெரிய வேலை நடப்பதாக மனம் மகிழ்கிறது; நாமும் பலமுறை மகிழ்ந்திருக்கிறோம். அந்த நுரை வெறும் கரியமில வாயு. காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துவிட, மிஞ்சுவது உப்புநீர் போன்ற ஒன்று. ஆட்டுக்கொழுப்பு உறைந்த குழாய்க்கு அது என்ன செய்யும்? கொழுப்பைத் தொட்டியில் கொட்டாமல் தாளில் வழித்துக் குப்பையில் போடுவதே வழி. கொதிக்கும் நீரை ஊற்றலாமே என்பார்கள். பிவிசி குழாய் அந்தச் சூட்டில் இளகும்.

இவற்றையெல்லாம்விட நம் சமூகத்தில் மிகவும் கவலை தருவது பிரியாணி பற்றிய குறிப்பு. வலீமா வீட்டில் பகலில் மிஞ்சிய தேக்சா மூடியபடியே இரவு வரை இருக்கும். "ஆவி பறக்கச் சூடாக்கினால் ஒன்றும் செய்யாது" என்று சொல்லிப் பத்து வீடுகளுக்குப் பங்கிடுவோம். உணவை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம். விரயம் செய்வோரை அல்லாஹ் நேசிப்பதில்லை என்பது நம் உள்ளத்தில் ஊறியது. ஆனால் அரிசியில் இயல்பாகவே இருக்கின்ற ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் சமைக்கும் சூட்டில் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் மணிநேரங்களில் அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை உண்டாக்குகின்றன. அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. வாந்தி வருவது அதனால்தான். பெரியவர் தாங்கிக்கொள்வார், மூன்று வயதுக் குழந்தையின் உடலில் வற்றுவதற்கு நீர் அதிகமில்லை.

அப்படியானால் பழைய சோறு சாப்பிட்டு வளரவில்லையா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பழைய சோறு நீரில் ஊறிப் புளிக்கின்றது. அந்தப் புளிப்பு கெட்ட கிருமிகளின் வளர்ச்சியைப் பெருமளவு அடக்கிவிடும். இறைச்சியும் நெய்யும் சேர்ந்து மூடிக் கிடக்கும் தேக்சாவில் அந்தப் புளிப்பு இல்லை. இரண்டும் சோறுதானே என்பது, இரண்டும் துப்புரவுப் பொருள்தானே என்று நாங்கள் நினைத்ததைப் போன்றதுதான்.

விரயமும் ஆகாமல் நோயும் வராமல் இருக்கச் செய்ய வேண்டியது கடினமானதன்று. பந்தி முடிந்தவுடனேயே மிச்சத்தைப் பெரிய சஹன்களில் மெல்லியதாகப் பரப்பி ஆறவிட வேண்டும். ஆழமான பாத்திரத்தின் நடுப்பகுதி பல மணிநேரம் ஆறாது என்பதே காரணம். இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்கோ, பங்கு பெறுவோர் வீட்டுக்கோ போய்விட வேண்டும். கொடுக்கும்போது எத்தனை மணிக்குத் தம் உடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதை எங்கள் வீட்டில் வழக்கமாக்கிவிட்டோம். முதலில் சிலர் சிரித்தார்கள்.

எரிவாயு கசிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாடை வந்தால் மின்விசிறியைப் போட்டு வெளியேற்றுங்கள் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சுவிட்சில் பிறக்கும் பொறியே போதும், வீடு தீப்பற்ற. போடுவது மட்டுமன்று, அணைப்பதும் ஆபத்துதான். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியேறிய பின் 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

கேள்விப்பட்ட செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுகின்றது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்த நேரலாம் என்ற காரணத்தையும் அங்கேயே சொல்லிவிடுகின்றது. எங்கள் வீட்டுச் சம்பவத்தை ராத்தாவிடம் சொல்வதா வேண்டாமா என்று பல நாள் தயங்கினோம். மனம் புண்படுவாரே என்ற எண்ணம். சொல்லாவிட்டால் அவர் இன்னொரு வீட்டில் அதையே சொல்வாரே என்ற அச்சமும் இருந்தது. இறுதியில் உம்மாவே போய்ச் சொன்னார்கள். ராத்தா அழுதுவிட்டார். பிறகு, தாம் யார் யாரிடம் அதைச் சொன்னோம் என்று நினைவுபடுத்தி, அன்று அஸருக்குப் பிறகு ஒவ்வொரு வீடாக நடந்து போய்த் திருத்திச் சொன்னார்.

இந்த ஆண்டு நோன்புக்கு முந்தைய வாரம் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மூடி எலுமிச்சை. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்தானே கூடாது, இதைப் பிழிந்தால் பரவாயில்லையா என்று வாசலில் நின்றே கேட்டார். உள்ளே வந்து உட்காருங்கள் ராத்தா என்றார் உம்மா.