சொல்லறிவோம்: உழைப்பும் ஒரு ‘லி’யும்

வெங்காயத் தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கும் தன் தந்தையைப் பற்றி மாணவன் ஒருவன் ஆங்கிலத்திற் கட்டுரை வரைந்தான். ‘ஒர்க்ஸ் ஹார்ட்’ என்னவேண்டிய இடத்தில் ‘ஹார்ட்லி ஒர்க்ஸ்’ என்றிருந்தான். பொருள் யாதோ? வேலை செய்வதே அரிது என்பதாம்! அறிந்ததும் பையனின் முகம் வாடிற்று. ‘லி’ சேர்ந்தால் வினையடை என்னும் விதியை நம்பிக் கெட்டான். ‘ஹார்ட்’ தானே வினையடையாகவும் நிற்கும். இவ்விடத்துக் குற்றம் ஆங்கிலத்தினுடையதே என்பேன்.

முதுகொடிக்கும் வேலைக்கு ‘பாக்பிரேக்கிங்’ பொருந்தும். நெடிது நின்று ஆளைக் களைத்து வீழ்த்துவது ‘குரூவலிங்’. கஞ்சியைக் குறிக்கும் ‘குரூவல்’ என்ற சொல்லிற் பிறந்தது அது. ‘தன் கஞ்சியைப் பெற்றான்’ என்றால், தண்டனை பெற்றான் என்பது அவர்தம் பழைய வழக்கு. ‘டிரட்ஜரி’ வேறு, உடல் நோவினும் சலிப்பே அதில் மிகுதி.

“அச்சொல் ஐயாவுக்குப் பொருந்துமோ, சேர்?” என்று பையன் வினவினான்.

“அவரையே கேட்டு வா” என்றேன்.