நவம்பர் 1: முழு வெற்றியா?

நவம்பர் 1 வந்தால் மார்ஷல் நேசமணி சிலைக்கு மாலை விழும். 1956-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழகத்தோடு சேர்ந்த நாள். சும்மா கிடைக்கவில்லை. 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச்சூட்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் உயிர்கள் போயின.

தேவிகுளம், பீர்மேடும் கேட்டார்கள். அங்கேயும் தமிழர் நிறையவே இருந்தார்கள். ஆனால் மாநில மறுசீரமைப்பு ஆணையம் தெற்கே மொழியைப் பார்த்தது. மலையில் மட்டும் 'தோட்ட வேலைக்கு வந்தவர்கள்' என்று தள்ளிவிட்டது. ஒரே அறிக்கை, இரண்டு படிக்கல்!

கிடைத்ததை வாங்கிக்கொண்டு பிரிந்தது தப்பில்லை. பிடிவாதம் பிடித்திருந்தால் நாலு தாலுகாவும் இழுபட்டிருக்கலாம். அதை முழு வெற்றி என்பதுதான் தப்பு. முல்லைப் பெரியாறு அணை இருப்பது அந்தப் பீர்மேட்டில்தான். அன்று முடிக்காத கணக்கு, இன்று வட்டியோடு நிற்கிறது.