வெசெக்சும் கீரனூரும்

ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி தாம் பிறந்த டார்செட் பகுதிக்கும் அதனைச் சூழ்ந்த நிலத்திற்கும் ‘வெசெக்ஸ்’ என்னும் பழம்பெயரைச் சூட்டி, அதனையே தம் கதைகளின் களமாக்கினார். 1874இல் வெளிவந்த நாவலில் அப்பெயர் முதன்முதலாக இடம்பெற்றது. அமெரிக்கரான வில்லியம் பாக்னரோ மிசிசிபி மாநிலத்தின் ஒரு மூலையைக் கற்பனை மாவட்டமாக்கி, 1936இல் தம் நாவலொன்றில் அதற்கு வரைபடமும் இணைத்தார். தமிழில் அத்தகைய எழுத்து கொங்கு நாட்டிலிருந்து வந்தது. 1917இல் கீரனூரில் பிறந்த ஆர். சண்முகசுந்தரம் 1942இல் வெளியிட்ட ‘நாகம்மாள்’, தமிழின் முதல் வட்டார நாவலாகக் கருதப்படுகிறது.

இம்மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது எளிது. சண்முகசுந்தரத்தைத் ‘தமிழின் ஹார்டி’ என்று அழைத்துவிட்டால் பெருமை சேர்த்ததாகவும் ஆகும். அவரைப் படிக்கும் உழைப்பும் மிச்சமாகும். ஆனால், அவ்வாறு அழைப்பதால் நாகம்மாளின் தனித்தன்மை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

கதை சிறிது. கணவனை இழந்த நாகம்மாள், தன் மகளுடன் கொழுந்தன் சின்னப்பன் குடும்பத்தில் வாழ்கிறாள். ஊரார் அஞ்சும் முரடனான கெட்டியப்பனோடு அவளுக்கு நெருக்கம் உண்டாகிறது. ‘எனக்குரிய பங்கைப் பிரித்துக் கொடு’ என்னும் எண்ணம் அவளுள் வேர்விடுகிறது. பூசல் முற்றிச் சின்னப்பனின் கொலையில் முடிகிறது.

ஹார்டியின் உலகில் துன்பத்திற்கு ஊழ் துணைநிற்கும். ‘டெஸ்’ நாவலில் நாயகி தன் கடந்தகாலத்தை ஒளிக்காமல் எழுதிய கடிதம், கதவடியில் செருகப்பட்டபோது விரிப்பின் அடியில் சென்று மறைந்துவிடுகிறது. ஒரு முழ விரிப்பு ஒரு வாழ்வைக் குலைக்கிறது. நாகம்மாளில் அத்தகைய தற்செயல்களுக்கு வேலை குறைவு. கொலை வரையிலான ஒவ்வோர் அடியும் மனிதர் எடுத்துவைத்த அடியே. சின்னப்பனின் மாமியாருக்கு ஒரு கணக்கு, கெட்டியப்பனுக்கு வேறொரு கணக்கு, நாகம்மாளுக்கு மற்றொன்று. கொங்கு மண்ணின் காட்சிகள் இந்நாவலில் இல்லாமல் இல்லை. எனினும், இங்கு நிலம் முதலில் பங்கிடப்பட வேண்டிய பொருள். பார்த்து மகிழ வேண்டிய பொருள் அதன் பின்னரே. ஹார்டியோ 1878இல் வெளிவந்த நாவலின் முதல் இயலை மனிதர் எவருமின்றி, ஒரு புதர்நிலத்தின் அந்திப்பொழுதுக்கே ஒதுக்கினார்.

நாகம்மாளின் கோரிக்கையைப் பேராசை என்று ஒதுக்குவோர் அக்காலச் சட்டத்தையும் நோக்க வேண்டும். கூட்டுக் குடும்பச் சொத்தில் கணவனின் பங்கின்மீது கைம்பெண்ணுக்கு வாழ்நாள் உரிமை அளித்த மத்தியச் சட்டம் 1937இல் இயற்றப்பட்டது. ஆனால், விவசாய நிலத்திற்கு அச்சட்டம் பொருந்தாது என்று 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் கருத்துரைத்தது. சென்னை மாகாணம் தன் சட்டத்தால் அவ்வுரிமையை விவசாய நிலத்திற்கு விரிவாக்கியது 1947இல்தான். இடைப்பட்ட 1942இல் நாவல் வெளிவந்தது. நிலத்தையே வாழ்வாகக் கொண்ட குடியானவர் வீட்டில் ஒரு கைம்பெண் பங்கு கேட்பது, சட்டமும் முழுமையாகத் துணைநிற்காத துணிவு. அத்துணிவு தவறான துணையைப் பற்றிக்கொண்டது என்பதே அவளுடைய துயரம். ஆசிரியர் அவளை நல்லவளாக்கவும் முயலவில்லை, தூற்றவும் இல்லை.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். டெஸ் இரண்டு மொழி பேசுபவள் என்கிறார் ஹார்டி: வீட்டில் வட்டார வழக்கு, வெளியாரிடம் பள்ளியில் கற்ற பொது ஆங்கிலம். 1886இல் வந்த ‘கேஸ்டர்பிரிட்ஜ் மேயர்’ நாவலில், வளர்ப்பு மகள் நாட்டுப்புறச் சொல்லொன்றைக் கூறியதற்காக ஹென்சார்டு சீறி விழுகிறான். கோவைக் கல்லூரி விடுதிகளில் ‘ஏனுங்க’ என்று தொடங்கி, நண்பர் நகைப்பார் என்று பாதியில் விழுங்கும் மாணவருக்கு இக்காட்சி புதிதன்று. ‘ஒறம்பரை’ என்னும் சொல் வீட்டில் இருக்கும்; கட்டுரை ஏட்டில் அது ‘விருந்தினர்’ ஆகிவிடும்.

சண்முகசுந்தரம் கதை கூறும்போது பொதுத்தமிழைக் கையாண்டார். மாந்தர் பேசும்போது கொங்குப் பேச்சை அப்படியே விட்டுவிட்டார். பாக்னர் இன்னும் ஒருபடி சென்றவர். 1930இல் வெளியிட்ட நாவலில் பதினைந்து பேரைத் தத்தம் குரலில் கதை சொல்ல வைத்தார். கதைசொல்லிக்கென்று தனியிடமே வைக்கவில்லை. அத்தகைய உத்தியைச் சண்முகசுந்தரம் நாடவில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. வங்க நாவலான ‘பதேர் பாஞ்சாலி’யைத் தமிழாக்கியவர் அவர். பிறமொழிப் படைப்புகளை அறியாமல் தம் ஊருக்குள் முடங்கியவர் என்று அவரைக் கூற இயலாது. ஊரை எழுதுவது அவர் தெரிந்தே செய்த தேர்வு.

டார்செட்டில் முன்னதாகவே ஒருவர் வழி அமைத்திருந்தார். வில்லியம் பார்ன்சு என்னும் கவிஞர் 1844இல் வட்டார மொழிக் கவிதைகளைச் சொற்பட்டியலுடன் வெளியிட்டார். அவருடைய கவிதைகளை ஹார்டியே பின்னர்த் தொகுத்துப் பதிப்பித்தார். கொங்கில் முறை மாறியது. நாவல் முதலில் வந்தது. அந்நாவலாசிரியரை ஆய்வு செய்த பெருமாள்முருகன் தொகுத்த ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ 2000ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. வீட்டில் கேட்ட சொல்லை அகராதியில் காண, கொங்கு மாணவர் நாகம்மாளுக்குப் பின்னும் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.