பொறுத்தார் பூமி ஆள்வாராம்!

திருவாரூரிலே பிறந்தால் முத்தி. காசியிலே இறந்தால் முத்தி. தில்லையைத் தரிசித்தால் முத்தி. திருவண்ணாமலையையோ, இருந்த இடத்திலிருந்தே நினைத்தால் போதும், முத்தி! இந்த வாசகத்தைக் கேளாத செவி இந்தச் சீமையிலே இல்லை. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றிவரும் இலட்சக்கணக்கான மக்களின் காதிலே இது விழுந்துகொண்டே இருக்கிறது. தேரடி வீதித் தேநீர்க் கடையிலே கேட்டாலும் சொல்வார்கள். சொற்பொழிவு மண்டபத்திலே கேட்டாலும் சொல்வார்கள்.

முத்தியைப்பற்றி நமக்கு இன்று வழக்கில்லை. கிடைக்கிறவர்களுக்குக் கிடைக்கட்டும். நாம் கேட்க வந்தது வேறு. "நினைத்தால் போதும்" என்று ஒரு சாராருக்கு உபதேசித்துவிட்டு, நுழைவதை மட்டும் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் மற்றொரு சாரார் இருப்பார்களேயானால், அவர்கள் வாயிலே அந்த வாசகத்துக்குப் பெயர் என்ன? அருள்வாக்கா? அல்லது கதவின் பூட்டா?

கற்பனை செய்து கேட்கவில்லை, தோழரே! இதே மாவட்டத்திலே, தண்டராம்பட்டு வட்டாரத்திலே, தென்முடியனூர் என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே முத்துமாரியம்மன் கோயில் இருக்கிறது. யாரோ ஒருவர் தம் வீட்டுக் கொல்லையிலே கட்டிய கோயிலன்று. இந்துசமய அறநிலையத் துறையின் ஆளுகையிலே உள்ள கோயில். அந்தக் கோயிலின் வாயிற்படியை அவ்வூரின் ஆதிதிராவிட மக்கள் மிதித்தது எப்போது? 2023ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30ஆம் நாள்! மாவட்ட ஆட்சித் தலைவர் வந்து நிற்க, காவற்படை ஊரைச் சூழ்ந்து நிற்க, கையிலே மாலையும் பொங்கற்பானையுமாக உள்ளே சென்றார்கள். எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு என்று ஏடுகள் எழுதின. ஒரு கிழவி அம்மனைக் கும்பிடுவதற்கு ஒரு பட்டாளம் காவல் நிற்க வேண்டியிருந்தது என்பதை எழுதும்போதே எழுதுகோல் கூசுகிறது.

கணக்குப் பார்ப்போமா? மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துச் சென்றது 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள். சென்னை மாகாணத்துக் கோயில்களையெல்லாம் அனைவருக்கும் திறந்துவிட்ட ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இலே வந்தது. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று முழங்கும் அரசியற் சட்டத்தின் 17ஆம் விதி 1950இலே நடைமுறைக்கு வந்தது. 1947க்கும் 2023க்கும் இடையே 76 ஆண்டுகள்! சட்டம் பிறந்த அன்று பிறந்த பிள்ளை, பேரன் பேத்தி எடுத்து, பல்லும் போய்ச் சொல்லும் தளர்ந்த பிறகு அல்லவா அந்தச் சட்டம் தென்முடியனூருக்கு நடந்து வந்து சேர்ந்திருக்கிறது!

இந்த 76 ஆண்டுகள் எப்படிக் கழிந்தன? தடியாலும் அரிவாளாலும் மட்டுமே கழிந்தன என்றால் நம்பமாட்டேன். தடி எப்போதோ ஒருமுறைதான் எழும். நாள்தோறும் காவல் நிற்பவை சொற்கள். பழகிப்பழகித் தேய்ந்த, எவரும் எதிர்த்துப் பேச நாணுகின்ற, கேட்பதற்கு இனிய சொற்கள். இத்தகைய ஊர்களுக்குச் சென்று, மரத்தடியிலே அமர்ந்து, சற்றே செவி கொடுத்தவர்களுக்கு அவை மனப்பாடம். "காலங்காலமாக இருந்துவரும் வழக்கம்." "ஊரோடு ஒத்துப் போக வேண்டும்." "நாங்கள் ஒற்றுமையாகத்தான் இருக்கிறோம், வெளியாட்கள்தாம் தூண்டிவிடுகிறார்கள்." "அவர்களுக்கென்று தனிக்கோயில் இருக்கிறதே, அங்கும் அதே அம்மன்தானே!" கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலே முடி சூட்டியதுபோல், "பொறுத்தார் பூமி ஆள்வார்."

பொறுத்தார் பூமி ஆள்வாராம்! யார் சொல்வது? பூமியை ஆண்டுகொண்டிருப்பவர் சொல்வது. யாரிடம் சொல்வது? கையளவு நிலமும் இல்லாதவரிடம் சொல்வது. இந்த நாட்டிலே பொறுத்துப் பொறுத்துப் பூமியை அடைந்தவர் ஒருவரையேனும் காட்டட்டும், பார்க்கலாம்! பட்டயம் பெற்று அடைந்தவர் உண்டு. வட்டிக்கு விட்டு அடைந்தவர் உண்டு. வளைத்துப் போட்டு அடைந்தவரும் உண்டு. பொறுத்து அடைந்தவரை நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

"அப்படியானால், முன்னோர் சொல்லிய பழமொழியெல்லாம் பொய்யா? பாமர மக்களின் அறிவுக் களஞ்சியத்தையே பழிக்கிறாயா?" என்று புலவர் ஒருவர் சீறுவது கேட்கிறது. இல்லை, ஐயா! பழிக்கவில்லை. பழமொழியை மதிப்பதால்தான் அது தவறான கையிலே இருக்கும்போது வயிறு எரிகிறது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறார்கள். ஆயிரந்தடவை கேட்டுச் சலித்த சொல்தான். ஆனால் செங்கத்திலும் கலசபாக்கத்திலும் மானாவாரிக் காட்டிலே மணிலா விதைக்கும் உழவன் அதைச் சொல்லும்போது எனக்குச் சலிப்பு வருவதில்லை. ஏன்? சொன்னவனே விதைக்கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கிறான். பட்டம் தவறினால் பட்டினி அவனுக்கு. சொல்லுக்குரிய விலையைச் சொல்பவனே கொடுக்கிறான். அங்கே தேய்ந்த சொல்லும் செல்லுபடியாகும் நாணயம்.

பொறுமையும் அப்படித்தான். பாட்டி ஒருத்தி, ஆத்திரத்திலே அரிவாளைத் தூக்கிய பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு "பொறுத்தார் பூமி ஆள்வார், வாடா உள்ளே!" என்று சொல்லும்போது அது ஞானம். அவனுடைய தலையும் அவளுடைய வயிறும் அங்கே பணயம். ஆனால் அதே பாட்டியின் சுருக்குப்பையிலே வேறொரு பழமொழியும் இருக்கிறது: அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். எந்த நேரத்துக்கு எதை எடுப்பது என்று அவளுக்குத் தெரியும். ஊர்ப் பெரியவரைப் பாருங்கள். அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. சேரிக்குள் வந்தால் பொறுமையைப் பேசுவார். தம் வரப்பை ஒரு முழம் எவனாவது வெட்டினால் அன்று மாலையே வழக்கறிஞர் வீட்டுத் திண்ணையில் இருப்பார்!

வழக்கம் என்ற சொல்லையும் விடுவதற்கில்லை. தமிழ் குறும்புக்கார மொழி. வழக்கம் என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே வழக்கு என்ற சொல்லையும் வைத்திருக்கிறது. வழக்கம், வழக்கம் என்று வாய் ஓயாமல் பேசியவர்கள், வழக்கு வரும் என்றவுடன் வாயடைத்துப் போவதைக் கண்டிருக்கிறோம். பல தலைமுறையாக அசையாத வழக்கம் ஒரே காலையிலே அசைந்துவிட்டதென்றால், அது தெய்வம் வகுத்த வழக்கமா? அதிகாரிகள் அதுவரை அசைக்காத வழக்கமா?

அதிகாரிகள் என்றதும் அவர்களுடைய தமிழ் நினைவுக்கு வருகிறது. 1956ஆம் ஆண்டிலே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் செய்தோம். எதற்காக? ஆள்வோர் பேசுவது ஆளப்படுவோருக்கு விளங்க வேண்டும் என்பதற்காக. விளைந்தது என்ன? "ஆவன செய்யப்படும்." "தக்க நடவடிக்கை எடுக்கப்படும்." "பரிசீலனையில் உள்ளது." திங்கட்கிழமைதோறும் குறைதீர்க்கும் நாளிலே மனுவைக் கொடுத்துவிட்டு வரும் ஏழைக்குக் கிடைக்கும் பிரசாதம் இவை! இலக்கணம் கற்ற தோழர்கள் இவற்றை நன்றாக உற்று நோக்கவேண்டும். செய்யப்படும், எடுக்கப்படும், அனுப்பப்படும்: எல்லாம் செயப்பாட்டு வினை. செயல் இருக்கிறது; செய்பவனைக் காணோம்! நம் வீட்டுத் தாய்மார் எவரேனும் "சோறு சமைக்கப்படும்" என்று சொல்லக் கேட்டதுண்டா? "சமைக்கிறேன், உட்கார்" என்பாள். அவள் எழுவாயோடு பேசுகிறாள். ஏனெனில் அவள் சமைக்கப் போகிறாள். சமைக்கும் எண்ணமில்லாதவனுக்குத்தான் எழுவாயை ஒளித்து வைக்கும் மொழி தேவைப்படுகிறது. ஆட்சிகள் மாறின, அமைச்சர்கள் மாறினர், தட்டெழுத்துப் பொறி போய்க் கணிப்பொறி வந்தது. "ஆவன செய்யப்படும்" மட்டும் பதவி ஓய்வே இல்லாத ஊழியனாய் இருந்து வருகிறது.

இதே செயப்பாட்டு வினை 2024 டிசம்பரிலே மற்றோர் உருவத்தில் வந்தது. நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையைக் கடந்தது. மழை கொட்டித் தீர்த்தது. சாத்தனூர் அணையிலிருந்து நள்ளிரவு கடந்த வேளையிலே பெருவெள்ளம் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டு, விழுப்புரமும் கடலூரும் தத்தளித்தன. "எச்சரிக்கை விடுக்கப்பட்டது" என்றது அரசுத் தரப்பு. "விடுக்கப்படவில்லை" என்றது எதிர்த்தரப்பு. விடுத்தவர் யார், எந்தத் தெருவிலே நின்று, எந்த மணிக்கு, யார் காதிலே விழும்படி விடுத்தார் என்ற கேள்வி இரண்டு வினைச்சொற்களுக்கும் நடுவே ஆற்றோடு போயிற்று.

டிசம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையிலே, மலையடிவாரத்து வ.உ.சி. நகரிலே, மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டின்மேல் விழுந்தன. உள்ளே இருந்தவர்கள் ஏழு பேர். அவர்களில் ஐவர் குழந்தைகள். ஒருவரும் பிழைக்கவில்லை. எந்த மலையை நினைத்தாலே முத்தி என்றார்களோ, அந்த மலையின் மடியிலே!

அப்போது ஊர் முழுதும் புழங்கிய சொற்களை நினைத்துப் பாருங்கள். "விதி." "இயற்கையின் சீற்றம்." "வரலாறு காணாத மழை." பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் "விதி" என்று சொன்னால், அவருக்கு முன்னால் நான் தலைகுனிந்து நிற்பேன். பிடித்துக்கொள்ள அவருக்கு அந்த ஒரு கயிறுதான் இருக்கிறது. அதை அறுக்க நான் யார்? ஆனால், மனை பிரிப்பதற்கும் வீடு எழுப்புவதற்கும் எங்கே இடம் கொடுக்கலாம், எங்கே கூடாது என்று தீர்மானிக்கச் சம்பளம் வாங்குகிறவர்கள் "விதி" என்று சொன்னால்? மலைச்சரிவிலே ஏழை ஏன் வீடு கட்டினான்? சமதரையிலே ஒரு சென்ட் நிலம் அவன் எட்டும் விலையிலே இல்லை. இது விதியன்று; விலை. பாறை கீழ்நோக்கித்தான் உருளும் என்பது எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சேதி. அது சீற்றமன்று; எடை. வரலாறு காணாத மழையாம்! வரலாறு பலவற்றைக் கண்டுகொண்டுதான் இருக்கிறது. நாம்தாம் அதைக் காண்பதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அவ்வாண்டு டிசம்பர் 13ஆம் நாள் தீபத் திருநாளிலே, பொதுமக்கள் மலை ஏறத் தடை விதித்தார்கள். சரிவை ஆராய வல்லுநர்கள் வந்தனர்; மண் நிலை சரியில்லை என்றனர்; ஏறவேண்டாம் என்று அறிவித்தனர். "காலங்காலமாக ஏறுகிறோமே, வழக்கமாயிற்றே" என்று எழுந்த குரல் எடுபடவில்லை. நன்று! ஆக, உயிருக்கு ஆபத்து என்றால் வழக்கத்தை நிறுத்தலாம் என்பது அரசுக்கும் தெரிந்திருக்கிறது; ஊருக்கும் தெரிந்திருக்கிறது. மானத்துக்கு ஆபத்து என்றபோது மட்டும் அதே வழக்கத்தைத் தொடுவதற்கு 76 ஆண்டுகள் யோசித்திருக்கிறார்கள்.

பிறரை மட்டும் சாடிவிட்டுப் போனால் நான் யோக்கியனாக மாட்டேன். நம் மேடைகளைத் திரும்பிப் பார்ப்போம். "அலைகடலெனத் திரண்டிருக்கும்" என்று தொடங்காத கூட்டம் உண்டா, முன்வரிசை நாற்காலிகள் காலியாகக் கிடந்தபோதும்? கணியன் பூங்குன்றனாரை இழுக்காத பேச்சாளர் உண்டா? ஊரெல்லாம் நம் ஊரே என்ற அந்தப் பெருங்கருத்தைச் சென்னையிலும் டில்லியிலும் முழங்குகிறோம், மகிழ்ச்சி. தென்முடியனூருக்குப் பக்கத்து ஊர்களிலே நம் கொடியைப் பிடிக்கும் கைகளிலே எத்தனை கைகள் கோயிற் கதவையும் பிடித்திருந்தன என்று கணக்கெடுத்தோமா? எந்தக் கட்சியும் எடுக்கவில்லை. எடுத்தால் வாக்கு குறையும் என்ற அச்சம். "சமத்துவம்" என்ற சொல்லை அடிக்கடி துடைத்துப் பளபளப்பாக்கி அலமாரியில் வைத்துவிட்டால், எடுத்துப் பயன்படுத்தும் சிரமம் இல்லை அல்லவா? தென்முடியனூருக்குப் பின் அதே ஆண்டு ஆகஸ்ட்டிலே இதே மாவட்டத்துச் செல்லங்குப்பத்திலும் மாரியம்மன் கோயிலுக்குள் ஆதிதிராவிட மக்கள் காவல்துறையின் துணையோடு நுழைய வேண்டியிருந்தது. முதல் ஊரைப் பார்த்து இரண்டாம் ஊர் தானே கதவைத் திறந்துவிடவில்லை.

ஆகையால் நம் கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த முறை அமைதிக் கூட்டம் என்று அழைத்து, "இரு தரப்பும் அனுசரித்துப் போகவேண்டும்" என்று எவரேனும் சொன்னால், "எந்தத் தரப்பு எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்" என்று கேளுங்கள். "ஆவன செய்யப்படும்" என்ற தாள் வந்தால் வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள்; அங்கேயே நின்று, எவரால், எந்தத் தேதிக்குள் என்ற இரண்டு சொற்களை அதிலே எழுதித் தரும்படி கேளுங்கள். எரிச்சல் படுவார்கள். படட்டும், இத்தனை காலம் எரிச்சல் நம் பக்கமே இருந்தது.

இந்தக் கட்டுரையை எழுதுமுன், 2024 டிசம்பர் முதல் வாரத்திலே நான் எழுதிய இரங்கற் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். "ஆற்றொணாத் துயரம்", "ஈடுசெய்ய இயலாத இழப்பு", "ஆழ்ந்த இரங்கல்" என்று மூன்று வரிகளை நிரப்பியிருக்கிறேன். ஐந்து குழந்தைகள் என்பது நான்காவது வரியிலேதான் வருகிறது. மலைச்சரிவிலே அவர்களுக்கு வீடு ஏன் அமைந்தது என்ற கேள்வி, குறிப்பில் எங்குமே இல்லை.