நாமினி வேறு, அவகாசி வேறு

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகு, சுக்கு வியாபாரியிடம் முப்பத்தோரு வருஷம் கணக்கு எழுதியவன் நான். வேலையிலிருந்து நின்ற பிறகும் பேனாவுக்கு ஓய்வில்லை. தென்காசி, சங்கரன்கோவில் பக்கமிருந்து இங்கே பிழைக்க வந்த குடும்பங்கள் பேங்க் பாரம் என்றால் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருகின்றன. பாரத்தில் ஒரு கட்டம் வந்ததும் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "அண்ணாச்சி, வாரிசு பேரு யாரைப் போடட்டும்?"

நாமினி என்பதை வாரிசு என்று சொல்லிப் பழகிவிட்டோம். வினை அங்கேதான் பிடித்தது.

எங்கள் தெருவில் டீக்கடை வைத்திருந்தவர் 2024-இல் மாரடைப்பில் போனார். மனைவி, இரண்டு பெண்கள், ஊரில் தாயார். பேங்கில் எஃப்.டி. நாலு லட்சத்து இருபதாயிரம். கல்யாணத்துக்கு முன்பு கணக்குத் திறந்தபோது அண்ணன் பேரை எழுதியிருக்கிறார். பிறகு கல்யாணம், பிள்ளைகள், வாடகைக் கடை மாற்றம் எல்லாம் நடந்தன. அந்தப் பேர் மட்டும் மாறவில்லை. எஃப்.டி.யைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அதுவும் கூடவே வந்தது. பாஸ்புக்கில் நாமினேஷன் பதிவாகியிருப்பதாக மட்டும் அச்சடித்திருந்தார்கள். யார் பேரில் என்று இல்லை. தன் பேர் இருக்கும் என்று மனைவி நம்பியிருந்தார்.

பேங்க் அண்ணனுக்குப் பணம் கொடுத்தது. சட்டப்படி அது தப்பில்லை. நாமினிக்குக் கொடுத்துவிட்டால் பேங்கின் பொறுப்பு தீர்ந்தது. அண்ணன் சொன்னதுதான் தப்பு: "தம்பி எனக்குன்னு எழுதிவெச்சதுதானே?"

இல்லை. நாமினி பணத்தைக் கையில் வாங்குகிறவர். அனுபவிக்க உரியவர் வாரிசு. இன்ஷூரன்ஸ் பணத்துக்கு, அன்றைய சட்டப்படி, உச்ச நீதிமன்றம் இதை 1984-இல் சர்பதி தேவி வழக்கில் சொன்னது. பேங்க் டெபாசிட்டுக்கு 2010-இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் சொன்னது. மலையாளத்துக்காரர்களுக்கு இது கொஞ்சம் சுலபம். நமக்கு அவகாசம் என்றால் நேரம், அவர்களுக்கு அவகாசம் என்றால் உரிமை. உரிமையுள்ளவர் அவகாசி. நாமினி வேறு, அவகாசி வேறு என்று பக்கத்துக் கடை ஹாஜியார் ஒரே வரியில் முடித்தார். அதே சொல்லை வைத்து அண்ணனிடம் பேச எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது.

உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணின் பணத்தில் மனைவி, பிள்ளைகள், தாயார் எல்லோருக்கும் சமபங்கு. 1956-ஆம் வருஷச் சட்டம். ஆக நான்கு பங்கு, தலைக்கு ஒரு லட்சத்து ஐயாயிரம். அண்ணனுக்கு ஒரு காசும் கிடையாது. ஆனால் தாயார் அண்ணன் வீட்டில்தான் இருந்தார். தாயாரின் பங்கு அங்கேயே இருக்கட்டும் என்று சொன்ன பிறகுதான் அந்த மனிதர் முகம் கொடுத்தார். மூன்று லட்சத்துப் பதினைந்தாயிரம் இரண்டு தவணையில் திரும்பி வந்தது. கோர்ட்டுக்குப் போயிருந்தால் பெரிய பெண்ணுக்குப் பேரப்பிள்ளை பிறந்த பிறகு வந்திருக்கும்.

பல மதத்தவரும் வாழும் மட்டாஞ்சேரியில் இருப்பதால் இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். இதே குடும்பம் கிறித்தவர்களாக இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு, தாயாருக்கு இல்லை. சுன்னி முஸ்லிம் என்றால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாயாருக்கு ஆறில் ஒன்று, இரண்டு பெண்களுக்குமாக மூன்றில் இரண்டு. மிஞ்சும் இருபத்துநாலில் ஒன்று அண்ணனுக்கே வரும். பேங்கில் எல்லோரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். பாரத்தின் அந்த ஒற்றைக் கட்டத்துக்கு இந்த விவகாரம் எதுவும் தெரியாது.

ஊரைச் சொல்லி என்ன, என் கணக்கிலேயே நாமினி என் அம்மா. அம்மா போய்ப் பதினாறு வருஷம். அந்த நாமினேஷன் செத்துப்போனது என்பது டீக்கடைக்காரர் விவகாரத்தில்தான் எனக்கு உறைத்தது.

ஆதார் நகல், பான் நகல் என்று கே.ஒய்.சி.க்காகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்களே, அந்தப் பாரத்திலேயே "உங்கள் நாமினி இன்னார், அவர் இருக்கிறாரா, மாற்ற வேண்டுமா?" என்று ஒரு வரி சேர்த்தால் என்ன செலவு? கணக்கில் பத்து வருஷம் அசைவே இல்லை என்றால் பணத்தை ரிசர்வ் வங்கியின் நிதிக்கு அனுப்ப 2014-இலிருந்து ஏற்பாடு இருக்கிறது. அத்தனை வருஷம் ஆகுமுன் ஒருமுறை கேட்டிருக்கலாம். டீக்கடைக்காரர் விஷயத்தில் நாமினி பேரை பாஸ்புக்கிலேயே அச்சடித்தும் இருக்கலாம், அப்போது வாடிக்கையாளர் சம்மதித்தால் போதுமாக இருந்தது. அப்படிச் சம்மதம் கொடுக்கலாம் என்பதே இங்கே பலருக்குத் தெரிந்திருக்கவில்லை.

2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட் கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம். ஒருவருக்குப் பின் ஒருவர் என்று வரிசையாகவும் போடலாம், ஒரே நேரத்தில் எல்லோருக்கும் என்றும் போடலாம். ஒரே நேரத்தில் என்றால் ஆளுக்கு எத்தனை சதவீதம் என்று எழுதவேண்டும், கூட்டினால் நூறு வரவேண்டும். நல்ல மாற்றம் என்றுதான் நினைத்தேன்.

போன மாதம் டீக்கடைக்காரரின் மனைவி வந்தார். கடையை இப்போது அவர்தான் நடத்துகிறார். திரும்பி வந்த பணத்தைத் தன் பேரில் டெபாசிட் போட்டிருக்கிறார். இரண்டு பெண்களையும் எழுதச் சொன்னார். ஐம்பது, ஐம்பது என்று எழுதிக்கொண்டே வழக்கமான பாடத்தை ஆரம்பித்தேன்: "இது பாகம் பிரிக்கிறது இல்லம்மா. பேங்க்ல யாரு போய் வாங்கணும்கிறதுக்குத்தான். உங்க காலத்துக்கப்புறம் யாருக்குப் போகணும்னு உயில்லதான் எழுதணும்."

"வாங்குறதுக்கு மட்டுந்தான்னா சதவீதம் எதுக்கு அண்ணாச்சி கேக்காங்க?" என்றார்.

பேனாவை மூடி வைத்தேன். முப்பத்தோரு வருஷம் கணக்கு எழுதியவனிடம் அதற்குப் பதில் இல்லை.